இரண்டு விரல் இடைவெளி

காஜிவாராவின் வெள்ளைக் கார் வலப்பக்கம் சாய்ந்து நின்றது. பன்னிரண்டு மில்லிமீட்டர்தான்; தெருவில் போகிறவர்கள் கண்ணுக்குப் படவே படாது. அந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டருக்காக முந்தின நாள் பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவனின் தாடையை ஸ்பேனரால் பெயர்த்துவிட்டு வந்திருந்தான் காஜிவாரா.

"ஸ்பிரிங்க இறக்கித் தாடான்னு குடுத்தா வண்டி நொண்டிக்கிட்டு வருது. கேட்டா, ஓட ஓட சரியாயிடும்ங்கறான் நாயி. நீ பாரு, சோனோபே. ஞாயித்துக்கிழமை காலைல வண்டி மட்டமா நிக்கணும்."

"நின்னா, அண்ணே?"

"நின்னா உன்ன விட்டுடறேன், போ. என் வாயால சொல்றேன்."

சோனோபேக்கு அந்த ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. சக்காய் துறைமுகத்துக் கார்க் கூட்டத்தில், அந்த ரவுடிகளின் மெக்கானிக்காக அவனுக்குப் பதினாறு வருஷம் ஓடிவிட்டது. விலகிப் போகிறவன் இருபது பேர் வரிசைக்கு நடுவே நடந்து, அடி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். இல்லையென்றால் தலைவன் காஜிவாரா தன் வாயால் விட வேண்டும். போன வருஷம் அப்படி நடந்து போனவனுக்கு இன்னும் இடது கண் தெரியாது. வீட்டிலோ மனைவி சிஹிரோவுக்கு ஏழு மாதம். "புள்ள பொறக்கறதுக்குள்ள வெளிய வந்துடு. வரலன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

வண்டியை லிஃப்டில் ஏற்றியதுமே கோளாறு பிடிபட்டது. அந்தத் தாடை பெயர்ந்த ஆள், சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே, அவற்றைத் தாங்குகிற ஆர்ம் போல்ட்டுகளை இறுக்கியிருக்கிறான். கீழே இறக்கியதும் உள்ளேயிருந்த ரப்பர் புஷ்கள் முறுக்கிக்கொண்டு, இடப்பக்கத்தை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டன. சோனோபே எல்லாவற்றையும் தளர்த்தினான். வண்டியை இறக்கி, பட்டறைத் தரையில் வெட்டியிருந்த குழியின்மேல் சக்கரம் ஊன்ற நிறுத்தி, முன்னும் பின்னும் உருட்டிக் குலுக்கினான். ஓட்டுநர் சீட்டில் முப்பது கிலோ அரிசி மூட்டை மூன்றும், ஒரு டூல்ஸ் பெட்டியும் ஏற்றினான். காஜிவாராவின் எடை அது. அப்புறம்தான் குழிக்குள் இறங்கி இறுக்கினான். டேப்பை வைத்தால் இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்று. அந்த வேலையைப் பார்த்து அவனுக்கே கர்வமாக இருந்தது. கர்வப்படலாம், தப்பில்லை.

ஆனால் தலைவன் வண்டியில் டேப் பேச்சு எடுபடாது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அவன் விரல் இரண்டு போக வேண்டும். வலது சக்கரத்துக்கு வலது கை, இடதுக்கு இடது கை. இருபது வருஷமாக அதுதான் கூட்டத்தின் சட்டம்.

புதன்கிழமை மத்தியானம் காஜிவாரா வந்தான். வேறொரு வண்டியில் அவனை அழைத்து வந்த முனேட்டா, கூட்டத்தில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவன், வழியில் டின் காபியைச் சீட்டில் சிந்தியிருந்தான். இறங்கியதும் காஜிவாரா அவன் தலைமுடியைப் பிடித்து வாயிலேயே குத்தினான். ஒன்று, இரண்டு என்று நிறுத்துகிற ஆளா? எட்டாவது குத்தில் ஒரு பல் எகிறிச் சிமென்ட் தரையில் விழுந்தது. பல்லைத் தேடிப் பொறுக்கச் சொல்லி, குனிந்தவனின் விலாவில் உதைத்தான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாக இரண்டு சிகரெட் பிடித்தான். அதற்குப் பிறகே அளக்க எழுந்தான்.

இடது பக்கம் இரண்டு விரலும் வழுக்கிக்கொண்டு போயின. வலது பக்கம் போகவில்லை.

"ஏண்டா, என்ன ஏமாத்தலாம்னு பாக்கறியா?"

"அண்ணே, அளந்துதான்..."

மேலே பேச விடவில்லை. கிடந்த ஸ்பேனர் காஜிவாராவின் இடது கைக்கு வந்தது. முதல் அடி தோளில், அடுத்தது முழங்காலில். சோனோபே விழுந்தான். விழுந்தவனின் முதுகில் மூச்சு வாங்கும்வரை அடித்தான் அந்தப் பாவி. ரத்தத்தோடு எச்சிலைத் துப்பிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் சோனோபே பார்த்தான். காஜிவாராவின் வலது கை ஆவியில் வெந்த பன் மாதிரி உப்பியிருந்தது. கணுக்களில் முனேட்டாவின் பல் கிழித்த தடம்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் உயிரோடு இருப்பானா என்பது வேறு விஷயம்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணிடறேன், அண்ணே" என்றான்.

அதற்கப்புறம் அந்த வண்டியில் ஒரு நட்டைக்கூட அவன் தொடவில்லை. வலது பக்கத்தை ஏற்றி வைத்துவிடு என்று பயம் சொல்லத்தான் செய்தது. ஏற்றினால் வீங்கிய கைக்கு மட்டமாகிவிடும், வண்டி கோணலாகிவிடும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ அயோக்கியத்தனத்துக்குத் துணை போனவன்தான். நேராக நிற்கிற வண்டியைக் கோணலாக்க மட்டும் அவனுக்குக் கை வரவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கூட்டம் முழுக்கப் பட்டறை வாசலில் நின்றது. காஜிவாரா குந்தி உட்கார்ந்தான். கை வீக்கம் வற்றியிருந்தது. இடது பக்கம் இரண்டு விரல். வலது பக்கம் இரண்டு விரல்.

"பாத்தீங்களாடா?" என்று எழுந்து சிரித்தான். "நாலு போட்டாத்தான் இவனுக்கு வேலை ஓடுது! இப்பேர்ப்பட்ட கைய எவனாவது விடுவானா? சோனோபே, நீ எங்கயும் போகல."

சிஹிரோ பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிற மாதிரி சோனோபேயின் கண்முன் தெரிந்தது.

"நான் வண்டியத் தொடவே இல்ல, அண்ணே."

"என்னடா?"

"புதன்கிழமை எப்படி நின்னுச்சோ அப்படியேதான் நிக்குது. அன்னிக்கு வீங்கினது உங்க கை. முனேட்டா பல்ல உடைச்ச கை."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

காஜிவாரா பாய்ந்தான். முதல் குத்தில் சோனோபேயின் மூக்கு உடைந்தது. இரண்டாவதில் உதடு கிழிந்தது. வயிற்றில் முழங்காலை ஏற்றினான். கால் மடிந்து சோனோபே சரிய, தலையைக் குறி வைத்து வந்த அடுத்த குத்து, மொத்த பலத்தோடு அவன் பின்னாலிருந்த லிஃப்டின் இரும்புத் தூணில் இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் வாசல்வரை கேட்டது. வலது கையை மடியில் இடுக்கிக்கொண்டு ஊளையிட்டான் காஜிவாரா. எல்லோரும் பார்க்கப் பார்க்கவே கை உப்பிக்கொண்டு வந்தது.

"இப்ப அளந்து பாருங்க, அண்ணே" என்றான் சோனோபே தரையிலிருந்து.

"வரிசையில நில்லுங்கடா! இவன உயிரோட விடாதீங்கடா!"

ஒருவனும் அசையவில்லை. முனேட்டா மட்டும் முன்னால் வந்தான். பல் போன வாயில் வார்த்தை காற்றாக வந்தது.

"அளந்துடுங்கண்ணே. நாங்களும் பாக்கறோம்."

இருபது ஜோடிக் கண்கள். வேறு வழியில்லாமல் காஜிவாரா குந்தினான். வலது கையை மட்கார்டுக்கடியில் நுழைத்தான். போகவில்லை. அழுத்தினான். அலறிக்கொண்டு உருவினான்.

"கொஞ்சம் முன்ன போன விரல் இப்ப போகல. வண்டி மட்டமாத்தான் நிக்குது" என்றான் முனேட்டா. "மட்டமா நின்னா விட்டுடறேன்னு உங்க வாயாலதான் சொன்னீங்க."

காஜிவாரா இடது கையால் ஸ்பேனரை எடுத்தான். முனேட்டா நகரவில்லை, அவன் பின்னால் இன்னும் நாலு பேர் வந்து நின்றார்கள். வேறு எங்கே அடிப்பது? தன் வண்டியின் மட்கார்டில் ஓங்கி இறக்கினான். மறுபடியும் இறக்கினான். வெள்ளைப் பெயின்ட் சில்லுசில்லாகத் தெறித்தது.

சோனோபே ஒரு காலை இழுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான். இருபது பேரும் விலகி வழி விட்டார்கள். ஒரு கையும் ஓங்கவில்லை. முதுகுக்குப் பின்னால் தகரத்தில் அடி விழுந்துகொண்டே இருந்தது. தெருவுக்கு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதான்.