சின்னப்பர் கோயில் பந்தி

விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் புதிதாக ஒரு ஃபிளெக்ஸ் தொங்கியது. காலையில் அடுப்பு பற்றவைக்க வந்த நிர்மலா, அதில் வனத்துச் சின்னப்பரைப் பார்த்ததும் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். ஓலை பின்னிய உடுப்பு, நெஞ்சை மூடிய வெள்ளைத் தாடி, தலைக்கு மேலே அப்பத்தைக் கவ்விக்கொண்டு இறங்கும் காகம். அவள் பிறந்த ஊரான கருங்கல்கொட்டாயில், கோயிலில் இருக்கும் அதே படம்தான். அப்புறம்தான் கீழே இருந்த எழுத்தைப் படித்தாள்.

'அரை அப்பத்தில் அறுபது ஆண்டு வாழ்ந்தார் இந்தப் புனிதர். கிடைத்ததில் நிறைவடைவோம். குறை கூறாதிருப்போம். இப்படிக்கு, நிர்வாகம்.'

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. கும்பிட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அந்த விடுதி சூளகிரியைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் அங்கே தங்கியிருந்தார்கள். அவர்கள் கம்பெனி ஆட்கள் அல்ல, ஒப்பந்தக்காரர் ராஜசேகரின் ஆட்கள். விடுதியும் சமையலும் அவர் பொறுப்பு. கார்த்திகையில் கம்பெனி புது உற்பத்தி லைன் ஒன்றைத் திறந்தது. அரியலூரிலிருந்தும், அஞ்செட்டி மலையிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும் இன்னும் ஒரு கூட்டம் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். கட்டில்கள் இரண்டடுக்கு ஆயின. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே பாய் விழுந்தது. சமையலுக்கு அளந்து கொடுக்கும் அரிசி மட்டும் பழைய அரிசிதான்.

சாயங்காலம், முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் சாப்பிட்டுவிடுவார்கள். கடைசி பஸ் வரும்போது அண்டாவில் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிடுவாள் மாதேஸ்வரி. அஞ்செட்டிப் பக்கத்துப் பெண், வீட்டில் கன்னடம். பகல் முழுக்க லைனில் நின்ற கால் வீங்கி, செருப்பு வார் பதிந்திருக்கும்.

"அக்கா, அன்ன காலியாயித்தா?" என்று கேட்பாள். சோறு தீர்ந்துபோச்சா என்று அவள் கேட்கும்போது குரலில் கோபம் இருக்காது. அதுதான் நிர்மலாவைக் கொல்லும்.

அப்படி ஒரு சாயங்காலம்தான், தன் பங்குச் சோற்றைக் கடைசி பஸ் பிள்ளைகளுக்குப் பிரித்துப் போட்டுவிட்டு, பேச்சை மாற்றுவதற்காகச் சின்னப்பர் கதையைச் சொன்னாள். பழைய காலத்தில் எகிப்து நாட்டில், ராஜா கிறிஸ்தவர்களைப் பிடித்துக் கொன்றபோது பாலைவனத்துக்குப் போனவர். குகையிலேயே ஆயுசு முழுக்கத் தவம் இருந்தவர். வெயில், பனி, தனிமை எல்லாவற்றையும் தாங்கினவர். தினமும் ஒரு காகம் அரை அப்பம் கொண்டுவந்து போடும், அதுதான் சாப்பாடு. கொரோனா வந்து எல்லாக் கதவும் சாத்திய வருஷம் நிர்மலாவும் அவள் புருஷன் கங்கப்பனும் அரை வயிற்றோடு கிடந்ததையும் சொன்னாள். "அந்தக் காக்காவ நெனச்சுக்கினேதான் நாளைத் தள்ளுனேன்" என்றாள்.

ராஜசேகர் அன்றைக்குக் கணக்குப் பார்க்க வந்தவர், கதவோரம் நின்று கேட்டிருக்கிறார். பசித்த பிள்ளைகளுக்கு ஆறுதலாக அவள் சொன்னதை எடுத்து, பசியைக் கேள்வி கேட்காதே என்று சுவரில் எழுதி மாட்டிவிட்டார். திருட்டிலே இது எந்த வகையில் சேர்த்தி?

அவர் வந்ததும் அவள் அடுப்பைத் தணித்துவிட்டு நேரே போனாள்.

"அண்ணா, அந்த போர்டைக் கழட்டிடுங்க."

"ஏம்மா? நீ சொன்ன கதைதானே. நல்ல கதை. நம்ம கோயில் சாமி வேற." ராஜசேகர் கருங்கல்கொட்டாய்க் கோயிலின் பங்குப் பேரவையில் பெரிய ஆள். திருவிழாத் தேருக்கு விளக்கு அவர் போட்டதுதான்.

"கதைய பாதியில நிறுத்திட்டீங்களே அண்ணா. அவரு ஒருத்தரா இருந்த வரைக்கும் அரை அப்பம். அந்தோணியாரு அவரப் பாக்க வந்தாரில்ல, அன்னைக்குக் காக்கா முழு அப்பம் கொண்டாந்துச்சு. ஒரு வாய் கூட வந்ததும் கூடக் குடுத்தாரு ஆண்டவரு. இங்க இத்தன பிள்ளைங்கள கூடக் கொண்டாந்து எறக்குனீங்களே, அரிசி ஏறுச்சா?"

ராஜசேகர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். "அது காக்கா கொண்டாந்தது. நான் காக்கா இல்லம்மா, கான்ட்ராக்டரு. போய் வேலையப் பாரு."

"அவரு தானா போய்க் குகையில உக்காந்தாருண்ணா. இந்தப் பிள்ளைங்கள யாரும் தவத்துக்குன்னு கூப்பிட்டுக்கினு வரல. வேலைக்குன்னு கூப்பிட்டுக்கினு வந்தீங்க."

அவர் அதற்குள் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பொங்கலோடு சேர்ந்தே வரும் சின்னப்பர் திருவிழா. கருங்கல்கொட்டாயில் அன்றைக்குப் பூசை முடிந்ததும் மாடு மந்திரிப்பார்கள். வேதக்காரர், இந்துக்கள் என்று பார்க்காமல் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் கொம்புக்கு வர்ணம் பூசிய மாடுகளை ஓட்டிக்கொண்டு வரும். சாமியார் தீர்த்தம் தெளித்து, மந்திரித்த உப்பை மாட்டு நாக்கில் தடவுவார். பிறகு எல்லோருக்கும் பந்தி. இந்த வருஷம் அந்தப் பந்தி ராஜசேகர் உபயம் என்று நெடுஞ்சாலைத் திருப்பத்திலிருந்தே பேனர் வைத்திருந்தார்கள்.

அந்த உபயம் எங்கிருந்து போகிறது என்பது போகிப் பண்டிகை அன்றைக்குத்தான் தெரிந்தது. விடுதி வாசலில் வேன் வந்து நின்றது. சரக்கு அறையிலிருந்து அரிசி மூட்டை, பருப்பு, எண்ணெய் டின் எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. ராஜசேகர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா இது? பிள்ளைங்க அரிசி."

"எல்லாம் பொங்கலுக்கு ஊருக்குப் போவுதுங்க. அரிசி சும்மாதானே கெடக்கும்? கோயிலுக்குப் போவட்டும், புண்ணியம்."

"போறவங்க கிட்டத்து ஊருக்காரங்கண்ணா. மாதேஸ்வரி போவல, ஒடிசாப் பிள்ளைங்க போவல, ஓவர்டைம் பாக்கறவங்க ஒருத்தரும் போவல. அவங்களுக்கு என்னத்த ஆக்கறது?"

"பிஸ்கட் வாங்கிக் குடு. ரெண்டு நாள்தானே, பொறுத்துக்குங்க. நீயும் லீவு எடுத்துக்க." சமையலறையைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வேன் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். பொறுத்துக்கொள்ளச் சொல்ல இவருக்கு வாய் எப்படி வருகிறது? பொறுக்கிறவர் ஒருத்தர், அதன் பலனைச் சாப்பிடுகிறவர் இன்னொருத்தரா?

பொங்கலன்று வீட்டில் பொங்கல் வைத்தாள். ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுபோய் விடுதியில் கொடுத்தாள். ஆளுக்கு ஒரு கை வந்தது, அவ்வளவுதான். மறுநாள் திருவிழாவுக்குப் புறப்படும்போது, வழியில் விடுதியை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கங்கப்பனிடம் சொன்னாள். கங்கப்பன் ராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளியும் கொத்தமல்லியும் ஏற்றும் மினி டெம்போ ஓட்டுகிறவன். அவனுக்குச் சாமி முனீஸ்வரன்தான். ஆனால் பொண்டாட்டி சாமிக்கும் வண்டியை நிறுத்தி ஒரு கும்பிடு போடுவான்.

காலை ஷிப்டுக்குப் போனவர்கள் போக மீதிப் பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கெட்டிலில் காய்ச்சிய வெந்நீரில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மாதேஸ்வரி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அவள் தலைக்கு நேர் மேலே ஃபிளெக்ஸ். அதில் சின்னப்பர் அப்பத்துக்காகக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்கடி" என்றாள் நிர்மலா. "எல்லாரும் எந்திரிங்க. வண்டியில ஏறுங்க."

"எல்லிக்கக்கா?" என்றாள் மாதேஸ்வரி. பிறகு தமிழில், "எங்க?"

"சாப்புட. உங்க அரிசி எங்க வேகுதோ அங்க."

கங்கப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. பின்கதவைத் திறந்து தார்ப்பாயை விரித்தான்.

கருங்கல்கொட்டாயில் மாடு மந்திரித்து முடிந்து, பந்தலில் முதல் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். டெம்போவிலிருந்து கொத்தமல்லி வாசனையோடு இறங்கிய பெண்களை ஊர் திரும்பிப் பார்த்தது. நிர்மலா யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொருத்தியையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முன் வரிசையில், பேரவைக்காரர்களுக்கென்று விரித்த ஜமுக்காளத்தில் உட்கார வைத்தாள். இலைக்கட்டை வாங்கித் தானே போட்டாள். தண்ணீரும் தெளித்துவிட்டாள்.

சாம்பார் வாளியோடு வந்த ஆட்கள் நின்றுவிட்டார்கள். பங்குச் சாமியார் வேகமாக வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் யார் மனமும் நோகக் கூடாது என்று நினைக்கிறவர்.

"நிர்மலா, இது பெரியவங்களுக்குப் போட்டதும்மா. இவங்க ரெண்டாவது பந்தியில உக்காரட்டுமே. கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?"

"பொறுத்துட்டுதான் சாமி வந்துருக்காங்க. கார்த்திகையிலேருந்து பொறுத்துக்கினு இருக்காங்க."

மாதேஸ்வரி எழுந்திருக்கப் போனாள். அதற்குள் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஆஞ்சப்பன் சத்தம் போட்டார். காளைகளை மந்திரிக்க ஓட்டிவந்த பக்கத்து ஊர் விவசாயி அவர். "எல போட்டு உக்காந்தவங்கள எழுப்புவீங்களாப்பா? எந்த ஊரு நியாயம் இது? போடு சோத்த!"

பந்தல் முழுக்கப் பேச்சு எழும்பியது. அந்த நேரத்தில்தான் ராஜசேகர் வந்தார். ஒரு கண நேரம் அவர் முகம் சுருங்கியதை நிர்மலா பார்த்தாள். மறுகணம் அது மலர்ந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு, பரிமாறுகிறவன் கையிலிருந்து சோற்றுக் கூடையை வாங்கினார். வீடியோக்காரனைக் கூப்பிட்டார்.

"நம்ம ஹாஸ்டல் பிள்ளைங்கதான். நான்தான் வரச் சொன்னேன். பண்டிகையும் அதுவுமா அதுங்க பட்டினி கெடக்கலாமா?"

கேமரா வெளிச்சத்தில் மாதேஸ்வரியின் இலையில் சோறு விழுந்தது. நாலைந்து பேர் கைகூடத் தட்டினார்கள். ஜாடிக்குள் அடைத்து வைத்தது போலிருந்த எல்லாம் நிர்மலாவுக்குள் உடைந்துகொண்டு வந்தது.

"பொய்!" என்று கத்தினாள். "சாமி, இவரு சொல்றது பொய். இது இவரு குடுத்த சோறு இல்ல. இந்தப் பிள்ளைங்க அரிசிய வேன்ல ஏத்திக்கினு வந்து, சமயக்கட்டப் பூட்டிட்டு, பிஸ்கட் தின்னுங்கன்னு விட்டுட்டு வந்தாரு. காலையில வெந்நீர்ல நனச்சுத் தின்னுக்கினு இருந்தாங்க, நான் கண்ணால பாத்தேன். நீங்க காக்கா இல்லேன்னு சொன்னீங்களே அண்ணா. சரி, இல்ல. காக்கா கொண்டாந்து போட்டத தூக்கிக்கினு போறீங்களே, அதுக்கு என்னா பேரு?"

ராஜசேகர் கூடையைக் கீழே வைத்தார். அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில், "நாளையிலேருந்து வர வேணாம்" என்றார். அப்புறம் வீடியோக்காரனின் தோளைத் தட்டி அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஆஞ்சப்பன் வாளியை வாங்கி இரண்டாம் முறை சாம்பார் ஊற்றினார். அவர்கள் கை கழுவும் வரை நிர்மலா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஊருக்குப் போயிருந்தவர்கள் திரும்பிய அன்று காலை, கம்பெனி பஸ் விடுதி வாசலில் வந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருத்தியும் ஏறவில்லை. அரியலூர்ப் பெண் சௌமியா அந்த ஃபிளெக்ஸை அவிழ்த்து எடுத்து வந்து பஸ்ஸுக்கு முன்னால் விரித்தாள். படத்தின் மேல் உட்காராமல், சுற்றி உட்கார்ந்தார்கள். லைன் நின்றால் கம்பெனிக்குப் பொறுக்காது. மதியத்துக்குள் ஓசூரிலிருந்து கம்பெனி அதிகாரி அம்மா ஒருத்தி காரில் வந்து இறங்கினாள். சரக்கு அறையைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். ராஜசேகரைத் தனியே கூப்பிட்டு என்னவோ பேசினாள். ஆட்கள் கூடியதற்குத் தகுந்த மாதிரி அரிசி ஏறும் என்றார்கள். புதுக் கட்டிடத்தில் இன்னும் அறைகள் எடுப்போம் என்றார்கள். நிர்மலா அக்காவைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டபோது மட்டும், அது ஒப்பந்தக்காரர் விஷயம், நாங்கள் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சாயங்கால ஷிப்டுக்கு அவர்கள் பஸ் ஏற வேண்டியதாயிற்று.

மாதேஸ்வரி போனில் இதைச் சொல்லி அழுதாள். "ஏன்டி அழுவற? வயிறு நெறயுதா? அதச் சொல்லு" என்றாள் நிர்மலா. போனை வைத்த பிறகு அவளும் கொஞ்ச நேரம் அழுதாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் அவளைக் கூப்பிட்டார். முகத்தில் சங்கடம் இருந்தது.

"ராஜசேகர்கிட்ட பேசினேன்மா. உன்னைத் திரும்ப எடுத்துக்கறேன்னு சொல்றார். நீ ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டாப் போதும். திருவிழா அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அவரை அப்படிப் பேசினதுக்கு. ஒரு வார்த்தைதானே?"

நிர்மலா பீடத்தின் பக்கம் பார்த்தாள். சின்னப்பர் அங்கே ஓலை உடுப்போடு முழங்காலில் இருந்தார். எத்தனை வருஷமாக மெழுகுவர்த்தியும் உப்பும் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்திருப்பாள்! தாங்கும் சக்தி கொடு என்று கேட்காத நாள் உண்டா?

"பிள்ளைங்ககிட்ட அவரு மன்னிப்புக் கேட்டாரா சாமி?"

சாமியார் அங்கியைச் சரிசெய்துகொண்டார்.

"கேட்டிருக்க மாட்டாரு. நீங்களும் கேக்கச் சொல்லியிருக்க மாட்டீங்க. என்னத்தான் கேக்கச் சொல்றீங்க." குரல் உயர்ந்தது, கோயிலுக்குள் என்று அவள் தணிக்கவில்லை. "என்னால முடியாது சாமி. என் பசின்னா நான் பொறுத்துக்குவேன், அது எனக்குத் தெரியும். இன்னொருத்தர் பசிய நான் எப்பிடிப் பொறுக்கறது? அதுக்குப் பேரு பொறுமையா?"

வெளியே கங்கப்பன் டெம்போவைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தான். நெடுஞ்சாலை ஓரம் லாரிக்காரர்கள் சாப்பிடும் மெஸ் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மதியச் சோற்றுக்கு உலை வைக்க நேரமாகிவிட்டது.