ஏழு வெட்டுடைய துப்பாக்கி

பெய்து களைத்த ஆடி மழை தூறலாய் இழைந்துகொண்டிருந்த அந்திப்பொழுதில், திருவனந்தபுரத்துக் கோட்டையை அடுத்து நீண்டு கிடக்கும் சாலைக் கடைத்தெருவிலே, மூட்டை சுமந்தோர் முதுகு நிமிர்த்தவும், விலை பேசினோர் வாய் மூடவும் ஏங்கி நிற்க, விளக்குகள் மட்டும் ஓய்வறியாது எரிந்தன. படிப்பவரே, அத்தெருவின் துணிக்கடையொன்றின் மாடியில், பழந்துப்பாக்கி ஒன்றைப் பாயிற் கிடத்தி மூவர் சூழ்ந்திருந்தனர்.

கடைக்குரியவர் திரவியத்தின் முன்னோன் ஒருவன் படையில் ஏந்திய துப்பாக்கி அது. அதன் கட்டையில் இருந்த ஏழு வெட்டுகளும் அவன் கொன்ற ஏழு பேரின் கணக்கென்பது குடும்பத்தார் பேச்சு. திரவியம் அதைச் சொல்லி மார்தட்டுவார். அவர் மனைவி பிச்சம்மாளோ, ஒன்பது வயது ஒற்றை மகனைக் காய்ச்சலுக்குக் கொடுத்த நாள்முதல், அவ்வெழுவரின் பழியே பிள்ளையைக் கொண்டதென நம்பி, முப்பத்தோராண்டாய் ஆடி அமாவாசைதோறும் பட்டினி கிடந்து, ஏழு இலைகளில் சோறிட்டு, அவர்களிடம் மன்னிப்பு வேண்டி வந்தாள். உடல் தளர்ந்துவிட்ட அவளுக்கு இனியேனும் அமைதி கிட்டட்டுமென்று, துப்பாக்கியை அருங்காட்சியகத்துக்கு அளிக்கத் துணிந்து, பழம்படைக்கலம் ஆய்ந்தறியும் உமாசங்கரைக் கணவர் அழைத்திருந்தார். விடிந்தால் அமாவாசை.

உமாசங்கர் துருவைத் துடைத்து, விசைத்தகட்டில் கிழக்கிந்தியக் கும்பினியாரின் இதய வடிவ முத்திரையையும், அடிக்கட்டையில் படைக்கொட்டில் எண்ணையும் படித்தறிந்தார். வெடிமருந்துக்குத் தீ செல்லும் நுண்துளையைக் கண்ணாடி வைத்து நெடுநேரம் நோக்கினார். பின்னர் வெட்டுகளை அளந்தார். ஒவ்வோர் இடைவெளியும் சரியாக அரைச்சாண் இருந்தது.

“சுடச் சுட இந்தத் துளை அகலும், அம்மா. இது போட்டபடியே இருக்கு. ஒருக்காகூட சுட்டதில்லை. வெட்டெல்லாம் துணி அளக்கப் போட்டது. துணி உரசி உரசி இந்தப் பக்கம் எப்படி வழுவழுன்னு ஆயிருக்கு பாருங்கோ.”

திரவியத்தின் பெருமை அக்கணமே கரைந்தது; ஆயினும் மனைவியின் சுமை இறங்கிற்றென மகிழ்ந்தார். “கேட்டியா பிச்சம்மா? நம்ம மேல ஒரு பழியும் இல்ல.”

அவள் துப்பாக்கியையே பார்த்திருந்தாள். பிறகு உமாசங்கரை நோக்கிக் கேட்டாள்: “அப்போ எம்பிள்ள எதுக்குச் செத்தான், சாரே?”

எல்லா முத்திரையையும் படித்த அவர், கண்ணாடியை மெல்ல உறையிலிட்டார்.

பழி சுமந்து வாழ்வது கொடிது. மன்றாடவும் ஒருவரில்லாமல் துயர் சுமப்பது அதனினும் அயர்வு தருவது. மறுநாள் பிச்சம்மாள் ஒரேயோர் இலை விரித்துச் சோறிட்டாள். காக்கை உண்டு பறந்த பின்னும் எழாமல், முப்பத்தோராண்டில் முதன்முறையாக, மகனுக்காக மட்டும் அழுதாள்.