கண்டக்குழிக்கு ஓர் எட்டு

கப்பல் கண்டக்குழிக்கு நேரே நங்கூரம் போட்டபோது காலை ஏழு மணி. கஜலக்ஷ்மி அதற்கு முன்னமே சேலை உடுத்து, சக்கர நாற்காலியில் இருந்தபடி நாலாம் தட்டுக் கம்பிக்கருகே காத்திருந்தாள். கரை நன்றாகத் தெரிந்தது. தென்னைகள், முன்னால் மணல், மணலில் இழுத்து வைத்த வள்ளங்கள். புதிதாக முளைத்திருந்த உல்லாசப் பயணிகள் விடுதிகளின் ஓலைக் கூரைகளை அவள் முதலில் மீன்வாடிகள் என்றே நினைத்தாள்.

மகன் ஜெனோசன் கோப்பியுடன் வந்து பக்கத்தில் நின்றான். எந்த இடத்தில் வீடு என்று கேட்டான். அவள் இடது கையால் காட்டினாள். வலது கையும் வலது காலும் இரண்டு வருடமாகச் சொல்வழி கேட்பதில்லை. பாரிசவாதம் நாக்கையும் கொஞ்சம் இழுத்துவிட்டிருந்தது. அவள் பேச்சை மகன் விளங்கிக்கொள்வான், மற்றவர்கள் இரண்டாம் தரம் கேட்பார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு இதே கரையில்தான் அவள் மன்னாரிலிருந்து வந்த வள்ளத்தில் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர், கையில் நாற்பது நாள் பிள்ளை. கணவனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. வந்த மூன்றாம் நாள் அவளுக்கு நெருப்புக்காய்ச்சல் கண்டது. பால் வற்றிவிட்டது. பிள்ளை அழுது அழுது குரல் அடைத்துக் கிடந்தபோது, பக்கத்து வளவுக்காரி ஜுனைதா வந்தாள். தன் மகள் சுல்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் ஜெனோசனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். ஐந்து மாதம் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஏழு வருடம் கஜலக்ஷ்மி அந்த வளவிலேயே ஒரு கிடுகுக் கொட்டிலில் இருந்தாள். கருவாடு காயப்போட்டாள், வெங்காயத் தோட்டத்தில் புல் பிடுங்கினாள். ஜெனோசனுக்கு அம்மா ஒருத்தி, உம்மா ஒருத்தி. கஜலக்ஷ்மிக்கு ஜுனைதா அக்கா, அந்த வளவுப் பேச்சில் ராத்தா.

தொண்ணூற்றேழில் கனடாவுக்கு ஆள் அனுப்புகிற ஒருவன் வந்து வாய்த்தான். புறப்படுவதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் பயணம் இல்லை என்றான். விடியற்காலைச் சுபஹு பாங்குக்கு முந்தி, நித்திரையில் கிடந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் படலையைச் சாத்தினாள். ஜுனைதாவின் கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. அவள் தட்டவில்லை.

பிற்காலத்தில் தொலைபேசி வந்தது. மாதம் ஒருமுறை கதைத்தார்கள். சுல்பாவின் கலியாணம், பேரப் பிள்ளைகள், மீன் விலை, எல்லாம் கதைத்தார்கள். அந்த விடியலைப் பற்றி ஜுனைதா ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கஜலக்ஷ்மி அழுது தீர்த்திருப்பாள். கேட்காதது உள்ளே கிடந்து கனத்தது. போனில் சொல்லுகிற விஷயம் இல்லை, முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தாள். ஆனால் கட்டுநாயக்கா விமான நிலையம் என்றாலே அவளுக்குப் பயம். அங்கிருந்துதான் வேறொருத்தியின் பெயரில் வெளியேறியிருந்தாள். சண்டை முடிந்து ஒன்பது வருடமாகியும் அந்தப் பயம் விடவில்லை.

அப்படியிருக்கத்தான் ஜெனோசன் இந்தக் கப்பலைக் கண்டுபிடித்தான். துபாயில் ஏறி மாலைதீவில் இறங்கும் பயணம். இடையில் ஒருநாள், திமிங்கிலம் பார்ப்பதற்காகக் கற்பிட்டிக் கடலில், கண்டக்குழிக்கு நேரே நிற்கும். சிறு படகுகளில் கரைக்கு ஏற்றி இறக்குவார்கள். கடவுச்சீட்டைக் கப்பல்காரரே வைத்திருப்பார்கள், கையில் ஒரு அட்டை தருவார்கள், அவ்வளவுதான். விமான நிலையம் இல்லை. அவள் அன்றைக்கே ஓம் என்றாள்.

எட்டரை மணிக்குக் கீழ்த்தட்டில் வரிசை நின்றது. சக்கர நாற்காலியைக் கண்டதும் நீலச் சட்டை போட்ட பெண் அதிகாரி ஒருத்தி இவர்களை ஒரு பக்கமாக அழைத்துப் போனாள். தரையில் இரண்டு மஞ்சள் கோடுகள் ஒட்டியிருந்தன. நடுவில் ஒரு முழத்துக்கும் குறைவான இடைவெளி. படகில் இறங்க விரும்புகிற யாரும் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்குத் தாமாக எட்டு வைக்கவேண்டும், வேறொருவர் தூக்கவோ தாங்கவோ கூடாது, கப்பலின் விதி அது என்று சிரித்த முகத்தோடு விளக்கினாள்.

கஜலக்ஷ்மி மகனின் தோளைப் பிடித்து எழும்பினாள். பிறகு தோளை விட்டாள். இடது காலைக் கோட்டில் ஊன்றி, வலது காலை நினைத்தாள். அது வரவில்லை. இரண்டாம் தரம் இடுப்பை வளைத்து இழுத்தாள். கால் தரையில் தேய்ந்து நடுவில் நின்றது. மூன்றாம் தரம் விழப்போனாள், ஜெனோசன் பிடித்தான். வரிசையில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

தான் தூக்கிக்கொண்டு இறங்குவதாக ஜெனோசன் சொன்னான். பிறகு, என்ன நடந்தாலும் தானே பொறுப்பு என்று எழுதித் தருவதாகச் சொன்னான். பிறகு கப்டனைப் பார்க்கவேண்டும் என்றான். அந்தப் பெண் கோபப்படவில்லை. பயணச்சீட்டு வாங்கும்போதே இதற்கு அவன் சம்மதம் கொடுத்திருப்பதாகச் சொல்லி, சிறிய எழுத்தில் இருந்த பந்தியைத் திரையில் காட்டினாள். அடியில் அவனுடைய பெயர் இருந்தது. அவன் அதை வாசித்திருக்கவில்லை. இப்போது வாசித்து முடித்தவன் தாயின் முகத்தைப் பார்க்காமல் போனை எடுத்துக் கரைக்கு அழைத்தான்.

கரையில் ஜுனைதா ஏழு மணியிலிருந்தே நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய தம்பி றவூப் டொல்பின் பார்க்க ஆள் ஏற்றுகிற வள்ளம் வைத்திருந்தான். கப்பலில் இருந்து ஆட்களை இறக்க அன்றைக்குப் பிடித்திருந்த ஆறு வள்ளங்களில் அவனுடையதும் ஒன்று. ஜெனோசன் விஷயத்தைச் சொன்னான். ஜுனைதா, தான் வருவதாகச் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.

அரை மணித்தியாலத்தில் றவூபின் வள்ளம் கப்பலின் பக்கவாட்டுக் கதவடிக்கு வந்தது. மகனை வழியனுப்பக் கதவுவரை வரலாம் என்று மட்டும் கஜலக்ஷ்மிக்கு அனுமதி கிடைத்தது. நாற்காலியை வாசலுக்கு இரண்டு முழம் இப்பால் நிறுத்திப் பூட்டினார்கள். கீழே வள்ளம் ஏறியும் இறங்கியும் ஆடியது. அதன் முன்பக்க அணியத்தில் ஜுனைதா நின்றாள். கறுப்பு அபாயாவுக்கு மேல் செம்மஞ்சள் நிற லைஃப் ஜாக்கெட். முகம் சுருங்கியிருந்தது. கண் அப்படியே இருந்தது.

“லச்சுமி” என்றாள்.

“ராத்தா.”

“நல்லா மெலிஞ்சி போய்ட்டியே புள்ள.”

கஜலக்ஷ்மி தயார்செய்து வைத்திருந்தது இப்படி இல்லை. பாயில் பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத் தொடங்குவதாகத்தான் இருபது வருடம் நினைத்திருந்தாள். இப்போது எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது, பின்னால் இன்னொரு வள்ளம் இடத்துக்காகக் காத்து நின்றது, கதவடியில் நின்ற கப்பல் காவலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

“ராத்தா, அண்டைக்கு நான் சொல்லாமல் போனனான்” என்றாள்.

நாக்கு புரளவில்லை. சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. ஜுனைதா காதில் கையை வைத்துக் குனிந்தாள். கஜலக்ஷ்மி இன்னும் உரத்துச் சொன்னாள். சத்தம் கூடக் கூட இன்னும் குழறியது. என்ன சொல்கிறா என்று றவூப் கேட்டான்.

ஜெனோசனுக்கு மட்டும் விளங்கியது. அந்த விடியலை அவனும் மறக்கவில்லை. தாயின் தோளில் விழித்து, உம்மா எங்கே என்று கேட்டு, வாய் பொத்தப்பட்டவன் அவன். தாய் அதை இத்தனை காலம் சுமந்து திரிந்தாள் என்பதுதான் அவனுக்குத் தெரியாது. அவன் வாசலில் நின்று, கையை வாயில் குவித்துச் சத்தமாகச் சொன்னான்.

“அண்டைக்குச் சொல்லாமல் போனதாம், உம்மா. அதைச் சொல்லுறா.”

வள்ளத்தில் முதலே ஏறியிருந்த இரண்டு வெள்ளைக்காரர், எதுவும் விளங்காமல் சிரித்தபடி கமராவைத் தூக்கினார்கள். ஜுனைதாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவள் வள்ளத்தின் ஓரத்தில் ஒரு காலை வைத்து, இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“அத உட்டுட்டு இறங்கு. இந்தா, நான் புடிக்கிறன்.”

அந்தக் கைகளுக்கும் தன் முழங்காலுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று கஜலக்ஷ்மி பார்த்தாள். கொல்லைக் கிணற்றடியில் வாளியைக் கைமாற்றுகிற தூரம். இடது காலை மிதிப்பலகையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். எழும்பப் பார்த்தாள். நீலச் சட்டைப் பெண் அவளுடைய தோளில் கை வைத்தாள். அழுத்தவில்லை, சும்மா வைத்தாள். அதற்கே கஜலக்ஷ்மி திரும்ப நாற்காலியில் இருந்துவிட்டாள். காவலாளி குனிந்து ஜுனைதாவின் முன்னால் கையைக் குறுக்கே நீட்டினான். இதைவிடப் பெரிய ஆட்களைத் தூக்கி ஏற்றியிருக்கிறோம் என்று றவூப் தனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொல்லிப் பார்த்தான். அப்படியானால் ஜுனைதாவை ஒரு நிமிடம் மேலே ஏற்ற முடியுமா என்று ஜெனோசன் கேட்டான். பட்டியலில் பெயர் இல்லாத எவரும் கப்பலில் கால் வைக்க முடியாது என்றார்கள். பின்னால் நின்ற வள்ளம் ஹோர்ன் அடித்தது.

“நீ போ” என்றாள் கஜலக்ஷ்மி மகனிடம்.

தான் போகப்போவதில்லை, அவளோடேயே இருக்கப்போவதாக அவன் சொன்னான்.

“போ. அவ உன்னையாவது பாக்கட்டும்.”

அவன் ஒரே எட்டில் இறங்கினான். ஜுனைதா அவனுடைய முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அவள் திரும்பி மேலே பார்ப்பதற்குள் றவூப் வள்ளத்தை விலக்கிவிட்டான்.

கஜலக்ஷ்மியைத் திரும்ப நாலாம் தட்டுக்குக் கொண்டுபோய், கரை பார்த்தபடி கம்பிக்கருகே விட்டார்கள். கூட்டிவந்த பணியாள் சில்லைப் பூட்டி, முழங்காலில் ஒரு போர்வையை விரித்துவிட்டுப் போனான். வள்ளம் சிறுத்துச் சிறுத்து மணலில் ஏறியதை அவள் பார்த்தாள். இரண்டு புள்ளிகள் இறங்கின. இனி வளவுக்குப் போவார்கள், சுல்பா சமைத்து வைத்திருப்பாள், பாயில் இருந்து சாப்பிடுவார்கள் என்று நினைத்தாள். அத உட்டுட்டு என்று ஜுனைதா சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. மன்னித்துவிட்டேன் என்றா? இங்கே வைத்துப் பேசாதே என்றா? எப்படித் திருப்பிப் பார்த்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

பத்து மணிக்குப் பிறகு காற்றுத் திசை மாறியது. கடலிலிருந்து வீசத் தொடங்கியது. நங்கூரத்தில் கட்டுண்ட கப்பல் மெல்லச் சுழன்றது. முதலில் அவளுக்கு அது தெரியவில்லை. தென்னைகள் ஒரு பக்கமாக நகர்ந்தன. பிறகு கண்டக்குழி கம்பியின் ஓரத்துக்குப் போனது. பிறகு இல்லை. முன்னால் வெறுங்கடல் மட்டும் இருந்தது.

ஒற்றைக் கையால் சில்லின் பூட்டைத் திறந்து உருட்டிப் பார்த்தாள். நாற்காலி தன்னைத்தானே வட்டமடித்துச் சுவரில் முட்டியது. அவ்வழியே வந்த வயதான வெள்ளைக்காரி ஒருத்தியிடம் மற்றப் பக்கம், மற்றப் பக்கம் என்று இங்கிலீசில் சொன்னாள். நாக்கு அதையும் குழப்பியது. அந்த மனுசி அன்போடு தலையாட்டி, நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளி, கடலைப் பார்க்க நிறுத்தி, நழுவியிருந்த போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனாள். பிறகு அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. காற்று பலப்பதால் கரைக்குப் போனவர்கள் நாலு மணிக்குப் பதிலாக ஒரு மணிக்கே திரும்பவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்வது கேட்டது. அவள் அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெனோசன் கடைசிப் படகில் வந்தான். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான். அலை அதிகமென்று இந்தத் தரம் உம்மாவை வள்ளத்தில் ஏற்ற றவூப் மறுத்துவிட்டதாகச் சொன்னான். என்ன சாப்பிட்டாய், வீடு எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டாள்.

“வீட்டை போகேல்லை அம்மா.”

சுல்பா நெய்ச்சோறும் கணவாய்க் கறியும் ஆக்கி வைத்துக் கூப்பிட்டிருக்கிறாள். ஜுனைதா போகவில்லை. வீட்டிலிருந்து பார்த்தால் கப்பல் தெரியாதாம். கவிழ்த்துப்போட்ட வள்ளமொன்றின் நிழலில், மூன்று மணித்தியாலமும் ஜெனோசனின் கையைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே இருந்திருக்கிறாள். சுல்பா சாப்பாட்டைச் சகன் என்ற பெரிய தட்டில் வைத்து அங்கேயே கொண்டுவந்தாளாம். காற்றுக்கு மண் விழுந்துவிட்டதாம். அம்மா எந்த இடத்தில் இருக்கிறா என்று ஜுனைதா கேட்டபோது, அவன் நாலாம் தட்டைக் காட்டியிருக்கிறான். அதற்குப் பிறகு அவள் கண்ணை எடுக்கவில்லை, இடைக்கிடை கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள் என்றான். தூரத்தில் கப்பல் எப்படித் திரும்பினாலும் ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்திருக்கும்.

“நான் சொன்னதுக்கு என்ன சொன்னவ?” என்று கஜலக்ஷ்மி கேட்டாள்.

“நானும் கேட்டனான். ‘பேசாம இரி, உங்கம்மா பாத்துக்கிட்டு ஈக்கிறா’ எண்டு சொன்னா.”

கஜலக்ஷ்மி முன்னாலிருந்த வெறுங்கடலைப் பார்த்தாள். தான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதை மகனிடம் சொல்ல வாயெடுத்தாள். ஈரச் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தவனைப் பார்த்து அதையும் விட்டாள். தன்னை மற்றப் பக்கம் தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள்.

அவர்கள் போய்ச் சேரும்போது நங்கூரச் சங்கிலியைச் சுருட்டும் சத்தம் தட்டு முழுவதும் அதிர்ந்தது. கரை இன்னும் தெரிந்தது. வள்ளங்களை மேலே இழுத்துவிட்டிருந்தார்கள். மணலில் ஆட்கள் சிலர் நின்றார்கள், யார் எவர் என்று பிரிக்க முடியாத தூரம். ஜெனோசன் குனிந்து, அந்தா, தனியாகக் கறுப்பாகத் தெரிகிறது பாருங்கள், அதுதான் உம்மா என்றான்.

உண்மையாகவே கண்டுதான் சொல்கிறானா, தனக்காகச் சொல்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓம் என்றாள்.