ஒரு பல் பிசகு

கார் எஞ்சினில் டைமிங் பெல்ட் என்று ஒரு ரப்பர் பட்டை உண்டு, உள்பக்கம் பல் பல்லாக. கீழ்ச் சக்கரத்தையும் மேல் சக்கரத்தையும் ஒரே கணக்கில் ஓட வைப்பது அதன் வேலை. மாட்டும்போது ஒரு பல் பிசகினாலும் வண்டி உதறும். ரொம்பப் பிசகினால் எஞ்சினே காலி.

நம் மெக்கானிக்கின் ஷெட்டில் அதை மாட்ட எப்போதும் இரண்டு பேர். மேல் சக்கரம் அசையாமல் ஆணி போட்டுப் பூட்டுவது மைத்துனன். கீழே படுத்துச் சக்கரத்துக் குறியை எஞ்சின் கோட்டோடு சேர்த்து, பெல்ட்டை இறுக்குவது இவர். பதினெட்டு வருஷம் இப்படித்தான். போன மாசம் ஒரு டீச்சரம்மாவின் கார், மாட்டிய கையோடு உதறிக்கொண்டு திரும்பி வந்தது. பிரித்தால் ஒரு பல் பிசகு. மனுஷன் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அதுதான் கிடையாதே! "ஆணிய ஒழுங்காப் போட்டியா? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று அந்த அம்மா எதிரிலேயே மைத்துனன் மேல் பாய்ந்தார். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். கையைத் துடைத்தான், செருப்பை மாட்டினான், போய்விட்டான்.

அப்புறம் வண்டிகள் வந்தன, பேச ஆள் இல்லை. ரேடியோவோடு சண்டை போட்டுப் பார்த்தார், அது பதிலுக்குக் கத்தவில்லை. வீட்டில் மனைவியும், தன் தம்பி போனதிலிருந்து சோற்றை வைப்பதோடு சரி. "தப்பு அவன் மேல. அவன்தான் வரணும்" என்று சுவரிடம் சொல்லிக்கொண்டார். வீம்பு! பைக் சத்தம் கேட்டால் மட்டும் கழுத்து தானாக வாசல் பக்கம் திரும்பியது. அவன் வந்துவிட வேண்டும், வேறு ஒன்றும் அவருக்கு வேண்டாம்.

இன்று காலை அதே மாதிரி எஞ்சினோடு ஒரு கார். தனியாகவே ஆணியைப் போட்டார், கீழே படுத்தார், மாட்டி இறுக்கினார். வழக்கமாக இதோடு சாவியைத் திருகிவிடுவார். கையால் எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றிக் குறிகளைச் சரிபார்க்கலாம் என்று மைத்துனன் சொல்லும்போதெல்லாம், "எனக்கே பாடமா?" என்பார். இன்று துணைக்கு ஆளில்லாத பயத்தில் ஆணியைக் கழற்றிச் சுற்றினார்.

மேல் குறி கோட்டுக்கு வந்தது. கீழ்க் குறி ஒரு பல் தள்ளி நின்றது.

பிரித்துத் திரும்ப மாட்டினார். இறுக்கும்போது இந்த முறை கீழ்ச் சக்கரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெல்ட்டின் தொய்வை அவர் விட்டிருந்த பக்கமே தவறு. இறுக்க இறுக்கச் சக்கரம் நைசாக நகர்ந்தது. அன்றைக்கும் இதே கைதான் இறுக்கியது. தொய்வை மறுபக்கம் தள்ளி இறுக்கினார், சுற்றினார், குறிகள் சேர்ந்தன. சந்தோஷம்தான் வரவில்லை.

எண்ணெய்க் கையோடு போனை எடுத்தார்.

"மாப்ளே... அந்த டீச்சரம்மா வண்டி. தப்பு என்னுதுடா. நான் இறுக்கும்போதுதான் நகந்திருக்கு."

"தெரியும் மாமா."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"அன்னைக்கே. மேல ஆணி போட்டது நான்தானே? அது அசைய வழியே இல்ல."

"அடப்பாவி! ஏன்டா சொல்லல?"

"அந்தம்மா முன்னாடி உங்கள எப்படி மாமா விட்டுக்குடுக்கறது?"

"வந்துடுடா. நீ இல்லாம முடியல."

அந்தப் பக்கம் வேறொரு ஷெட்டின் சத்தம். யாரோ அவனை அண்ணே என்று கூப்பிட்டார்கள்.

"ஞாயித்துக்கெழமை அக்காவப் பாக்க வர்றேன்" என்றான் மைத்துனன். "வீட்டுக்கு வர்றேன் மாமா. ஷெட்டுக்கு வேணாம்."