மூன்றாவது பெட்டி

மகன் வசந்த்குமார் செத்து நாளையோடு ஒரு வருஷம். சபையார் ஜெபம் பண்ண வருவார்கள் என்று திலகா காலையிலிருந்து வாசலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ஏசுதாஸ் கொட்டகைக் காலைப் பிடித்தபடி சும்மா நின்றார். ஒரு வருஷமாக மனுஷன் பார்த்த பெரிய வேலை அதுதான். சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று அவருக்குள் இருந்தது. பெண்டாட்டியிடம் சொல்லவில்லை, பாதிரியாரிடம் சொல்லவில்லை, ஜெபத்தில்கூட அதைச் சுற்றி வளைத்துத்தான் போனார்.

அந்த நேரம் பார்த்துப் புருஷோத்தமனின் குட்டியானை லோடு வண்டி தெருமுனையில் வந்து நின்றது. ஏசுதாஸ் கொட்டகைக் காலை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

புருஷோத்தமன் அதே காலனிப் பையன். கல்யாணம், காதுகுத்து, சாவு எதுவானாலும் சுற்றுவட்டாரத்துக்கு அவன்தான் மைக்செட். வசந்த்குமாரும் அவனும் ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள். போன வருஷம் சர்ச் அறுப்பின் பண்டிகையோடு எல்லாம் முடிந்தது.

வசந்த்குமார் சர்ச்சில் பாஸ் கிட்டார் வாசிப்பான். நாலே கம்பிதான். வெறும் கையால் மீட்டினால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பில் சொருகிவிட்டால் நெஞ்சுக்கூடு அதிரும். அந்தப் பழைய ஆம்ப்பை அவன் உயிராகப் பார்த்துக்கொண்டான். எட்டு ஓம் ஸ்பீக்கர் பெட்டியாக இரண்டு மட்டும்தான் அதில் மாட்டுவான். இரண்டும் சேர்ந்தால் நாலு ஓம். அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஆம்ப்பின் முதுகிலேயே போட்டிருந்தது. பெட்டி கூடக்கூட ஓம் குறையும், ஓம் குறையக் குறைய ஆம்ப் அதிகமாகக் கரண்டைத் தள்ளித் தள்ளிக் கருகிப்போகும் என்று அப்பாவிடம் ஒருதரம் சொல்லியும் இருந்தான். ஏசுதாஸ் தலையை ஆட்டிவிட்டு மறந்துபோனார். பெட்டி கூடினால் சத்தம் கூடும், அவருக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

பண்டிகை அன்றைக்கு அவருக்குச் சத்தம் வேண்டியிருந்தது. ஊருக்குள் இருக்கும் தாண்டவராயன் நிலத்தில் இருபது வருஷமாக நாற்றுக்கட்டு சுமந்தவர். அதற்கு முந்தின நாள் வரப்பில் நின்று, உன் பிள்ளை நாலு கம்பியை வைத்துச் சொறிந்துகொண்டிருக்கிறானாமே என்று அந்த மனுஷர் நாலு பேர் முன்னால் சிரித்திருந்தார். ஏசுதாஸும் கூடச் சேர்ந்து சிரித்தார், வேறென்ன செய்வது. ஆனால் ராத்திரி சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை பண்டிகைக்கு ஒத்திகை. புருஷோத்தமன் கொடுத்த இரண்டு பெட்டியும் சர்ச் வாசலைப் பார்த்து இருந்தன. அவன் வண்டியில் மூன்றாவது ஒன்று சும்மா கிடந்தது. ஏசுதாஸ் அதை இறக்கினார், சுவர் ஓரமாக ஊரைப் பார்த்துத் திருப்பினார், இரண்டாவது பெட்டியின் பின்னால் காலியாக இருந்த ஓட்டையில் வயரைச் சொருகினார். யாரும் பார்க்கவில்லை. தன் பிள்ளை மீட்டுவது வயலைத் தாண்டிப் போவதைக் கேட்டபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையிலேயே அவர் நிமிர்ந்து நின்ற பத்து நிமிஷம் அது.

அப்புறம் சத்தம் நின்றது. கருகின வாடை வந்தது. ஏசுதாஸ் வயரைப் பிடுங்கிச் சுருட்டினார். ஆட்கள் ஓடிவந்தபோது மூன்றாவது பெட்டி வண்டிக்குப் பக்கத்தில் ஒன்றும் தெரியாத மாதிரி நின்றது, அவரைப் போலவே.

வசந்த்குமார் புருஷோத்தமன்மேல் பாய்ந்தான். ஓம் பார்க்காமல் ஏதோ தப்பான பெட்டியைக் கொடுத்து ஆம்ப்பைக் கொன்றுவிட்டாய் என்றான். புருஷோத்தமன் சத்தியம் பண்ணினான், வசந்த்குமார் கேட்கவில்லை. வாலாஜாபாத்தில் ஒருவரிடம் வேறு ஆம்ப் இருக்கிறது, சாயங்காலத்துக்குள் கொண்டுவரலாம், வா வண்டியிலேயே போய்விடலாம் என்று புருஷோத்தமன் கூப்பிட்டான். உன் வண்டியில் இனிமேல் காலை வைக்கமாட்டேன் என்று வசந்த்குமார் பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போனான். ஏசுதாஸ் நாலு அடி தள்ளி நின்றிருந்தார். பாலாற்றுப் பக்கம் போகும் முன்பே ஒரு டிப்பர் லாரி அவனை அடித்துப் போட்டது.

திலகா பிணத்தின் முன்னால் புருஷோத்தமன்மேல் மண்ணை வாரித் தூற்றினாள். அதற்குப் பிறகு காலனியில் ஒருத்தரும் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை. அவன் ஏசுதாஸ் வீட்டுத் தெருப்பக்கமே வருவதில்லை.

இப்போது வந்திருக்கிறான். அந்த ஆம்ப்பைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, கழுவின வாசலுக்கு வெளியிலேயே நின்றான். திலகா துடைப்பத்தைக் கீழே போடாமல் பார்த்தாள்.

"காஞ்சிபுரத்துல குடுத்து ரிப்பேர் பண்ணிட்டேன் பெரிம்மா," என்றான். "ஓம் கம்மியாப் போயி கருகிக்கீதுன்னாரு மெக்கானிக். என் பொட்டிய மூணையும் மீட்டர் வெச்சு எத்தினியோ வாட்டி அளந்துட்டேன். எல்லாம் சரியாத்தான் கீது. ஆனாலும் என் பொட்டிதானே. எங்கியோ நான்தான் தப்பு பண்ணிக்கிறேன். மைக்செட் எல்லாத்தையும் வித்துட்டேன். உன் கால்ல வுழுந்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவன் ஆம்ப்பை இறக்கிவைத்துவிட்டுக் குனியப் போனான். செய்யாத தப்புக்கு அந்தப் பிள்ளை விழுவதைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. ஏசுதாஸுக்குக் கொட்டகைக் காலிலிருந்து கை தானாக விட்டுப்போனது.

"வுழாதே," என்றார். "அவன் மாட்டுன ரெண்டும் சரியான பொட்டிதான். மூணாவத நான் மாட்டுனேன். ஊர்ல கேக்கட்டும்னு மாட்டுனேன். கருகுனதும் நானே புடுங்கிட்டேன்."

தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். புருஷோத்தமன் நிமிர்ந்தான். அவன் முகத்தில் பாரம் இறங்கின தெளிவு வரும் என்று ஏசுதாஸ் நினைத்தார். வரவில்லை.

"அவன் என்னத் திட்டுனப்போ நீ அங்கதானே இருந்தே பெரிப்பா?"

"இருந்தேன்."

"வண்டில வாடான்னு நான் கூப்ட்டப்போ?"

"இருந்தேன்டா."

புருஷோத்தமன் வாய் கோணிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி விம்ம ஆரம்பித்தான். ஒரு வருஷம் அடக்கிவைத்திருந்தது அது.

திலகா புருஷனைத் திட்டவில்லை. மண்ணை வாரவில்லை. அவர் அதற்காகத்தான் காத்திருந்தார், ஒரு அடியாவது விழுந்தால் பரவாயில்லை என்று இருந்தது. அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள், ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள், புருஷோத்தமனின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வூட்டுக்குள்ள வாடா," என்றாள். "நீ நாஷ்டா துன்னுக்க மாட்டே."

அவனை உள்ளே கூட்டிப்போய் மனையில் உட்காரவைத்தாள். உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது, அவன் அழுகிற சத்தமும் அவள் அழுகிற சத்தமும் கேட்டன. கதவு திறந்துதான் இருந்தது. ஏசுதாஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வெயில் ஏறியது, கழுவின வாசல் காய்ந்தது. உள்ளே வா என்று அவரை யாரும் கூப்பிடவில்லை.