புதன்கிழமைத் தட்டல்

"யாரோ கதவைத் தட்றாங்க பாரு" என்று சமையலறையிலிருந்து கணவர் குரல் கொடுத்தார்.

கணக்கு டீச்சர் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். ஒருவரும் இல்லை. மாடிப்படியில் ஞாயிற்றுக்கிழமை வெயில் மட்டும் காலை நீட்டிப் படுத்திருந்தது. கீழ்வீட்டு வாண்டுகளின் வேலையாக இருக்கும் என்று திரும்பி வந்து உட்கார்ந்தாள். பாதியில் விட்ட ஒலிப்பதிவைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி ஓடவிட்டாள். தலைமையாசிரியரின் கனத்த குரல் வந்தது. "பிள்ளைங்க குரலைக் கேட்காத பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமே இல்ல. என்ன சொல்றீங்க?" அதற்குப் பின் சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் டொக், டொக், டொக்.

"மறுபடியும் தட்றாங்க!"

"நம்ம கதவு இல்லங்க. இதுக்குள்ள தட்றாங்க."

உரித்த வெங்காயத்தோடு கணவர் எட்டிப் பார்த்தார். "டாக்டர் பட்டம் வாங்குறதுக்குள்ள உனக்கே ஒரு டாக்டர் தேவைப்படும் போலிருக்கே, டாக்டரம்மா."

வழக்கமாக இதற்கு அவள் ஏதாவது திருப்பிக் கொடுப்பாள். அன்று ஒலிப்பதிவை மறுபடி பின்னுக்குத் தள்ளினாள்.

கல்வியில் சமூகநீதித் தலைமை என்பது அவளுடைய ஆய்வு. ஒரு பள்ளித் தலைவர் நினைத்தால் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு என்னவெல்லாம் செய்ய முடியும் என்று காட்ட வேண்டும். வெளியே எங்கும் அலையாமல், தான் வேலை பார்க்கும் பள்ளியின் தலைமையாசிரியரையே எடுத்துக்கொண்டாள். நல்ல மனிதர். அவர் அமைத்த சமநீதிக் குழு புதன்கிழமைதோறும் அவர் அறையில் கூடும். குறை உள்ள எந்த மாணவரும் நேரில் வந்து சொல்லலாம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியும் போட்டிருந்தார். அவள் அந்த அறையின் மூலையில் பார்வையாளராக உட்கார்ந்திருப்பாள். வாய் திறக்கக் கூடாது. திறந்தால் ஆய்வு கெட்டுவிடும். ஒலிப்பதிவுக் கருவி யார் கண்ணையும் உறுத்தாமல், கதவை ஒட்டிய இரும்பு அலமாரியின் மேல் இருக்கும்.

மற்றப் புதன்கிழமைகளையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். புகார்ப் பெட்டிக்கு நீலமா பச்சையா என்று விவாதம் சூடாக நடந்த அன்று, டொக், டொக், டொக். பெட்டிக்குப் பூட்டு வேண்டுமா வேண்டாமா என்ற அன்றும் தட்டல். ஒருநாள் யாரோ சொன்ன நகைச்சுவைக்கு எல்லோரும் சிரிக்கிறார்கள், அதில் அவள் சிரிப்பும் தனியாகக் கேட்கிறது. சிரிப்பு அடங்கும் இடத்தில் மெல்ல ஒரே ஒரு டொக். அதற்கடுத்த வாரங்களில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத பதிவுகளைத்தான் அவளால் முழுதாகக் கேட்க முடியவில்லை.

அந்த அறையில் ஏசி ஒரு லாரி மாதிரி உறுமும். கதவின் உட்பக்கம் சத்தம் வராமலிருக்க மெத்தை வைத்துத் தைத்திருக்கும். அறைக்குள் இருந்த காதுகளுக்குக் கேட்காதது அலமாரியின் தகரத்துக்குக் கேட்டிருக்கிறது.

ஆய்வு நெறியாளருக்குத் தொலைபேசினாள். "பேசினதை எழுதும்மா. பின்னணிச் சத்தத்தையெல்லாம் எழுத ஆரம்பிச்சா, நீ பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் பட்டம் வாங்குவே" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை வகுப்பில் கரும்பலகையில் சுண்ணக்கட்டி பட்ட ஒவ்வொரு முறையும் அவள் கை நின்றது. புதன்கிழமைகளில் பெரிய சார் அறைக்கு யாராவது வந்து தட்டினார்களா என்று இடைவேளையில் அலுவலகக் குமாஸ்தாவிடம் விசாரித்தாள்.

"அந்த ஒட்டடைக்குச்சிப் பொண்ணைக் கேட்கறீங்களா டீச்சர்? புதன்கிழமை ஆனா பெரிய சார் ரூம் வாசல்ல நின்னுக்கிட்டிருக்கும். தேர்ச்சி விகிதம் குறைஞ்சிடும்னு சில பிள்ளைங்களைப் பொதுத்தேர்வை அடுத்த வருஷம் தனியா எழுதிக்கச் சொன்னாங்கல்ல, அதுல அதுவும் ஒண்ணு. இப்ப வர்றதில்ல. துணிக்கடையில நிக்குதாம்."

ஆறாம் வகுப்பில் அவளிடம் கணக்குப் படித்த பெண்தான். மாலையில் டீச்சர் கடைக்குப் போனபோது, அந்தப் பெண் ஏணி இல்லாமலே மேல்தட்டில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த உயரம்தான் முதலில் தெரிந்தது.

"மிஸ்! உங்களுக்கா, சாருக்கா? சட்டை காட்டவா?"

"சட்டை வேண்டாம்மா. புதன்கிழமைல நீ வந்து தட்டினியா?"

பெண்ணின் கை மடிப்பை நீவிக்கொண்டே இருந்தது. "ஆமா மிஸ். எல்லாரோடயும் சேர்ந்து இந்த வருஷமே எழுதறேன்னு கேட்கலாம்னுதான். கதவுல காதை வச்சப்ப உள்ள நீங்க சிரிக்கறது லேசா கேட்டுச்சு."

"கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வர்றதுதானே?"

"தட்டிட்டு நிக்கணும், கூப்பிட்டாதான் உள்ள வரணும்னு நீங்கதானே மிஸ் சொல்லிக் குடுத்தீங்க?"

குத்திக்காட்டவில்லை, அப்படிக் குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை. படித்த பாடத்தைச் சரியாக ஒப்பித்த பிள்ளையின் முகம் அது.

தேர்வு விண்ணப்பம் அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டால் போதும். மறுநாள் காலையிலேயே அவர் முன் போய் நின்றாள். அவர் தேநீர் வரவழைத்தார். முழுதும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்களே என்கிட்ட சிபாரிசுக்கு வரலாமாம்மா? நாளைக்கு ஆய்வுல அதையும் எழுதணும். அந்தப் பொண்ணையே புதன்கிழமை வரச் சொல்லுங்க. குழுவுல வச்சு முடிவு பண்ணலாம். தட்டினா திறக்க மாட்டோமா?"

நியாயமாகத்தான் பட்டது. உண்மையைச் சொன்னால், அவளுக்கு அது நிம்மதியாகவும் இருந்தது. அவள் பேச வேண்டாம். மூலையில் இருந்தபடியே எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். ஆய்வேட்டின் நாலாவது அத்தியாயத்துக்கு அழகான முடிவும் கிடைத்துவிடும். கடைக்குத் தொலைபேசியில் அழைத்து, "நாளைக்கு வாம்மா. நல்லா பலமா தட்டு" என்றாள்.

"இந்தத் தடவை கூப்பிடுவாங்களா மிஸ்?"

"கூப்பிடுவாங்க."

புதன்கிழமை புகார்ப் பெட்டி வந்தேவிட்டது. மேசை நடுவில் புதுப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. பச்சை. கடைசியில் பூட்டும் போட்டிருந்தார்கள். எந்தச் சுவரில் மாட்டுவது என்று பேச்சு ஆரம்பித்தது. நூலகத்துக்கு எதிரே என்றார் அறிவியல் ஆசிரியர். அங்கே மழைச்சாரல் அடிக்கும் என்றார் உடற்பயிற்சி ஆசிரியர். "புகாரெல்லாம் நனைஞ்சு போச்சுன்னா நமக்கு நல்லதுதானே சார்" என்று யாரோ சொல்ல, தலைமையாசிரியர் வயிறு குலுங்கச் சிரித்தார். நேற்று அவளிடம் சொன்ன வார்த்தை அந்தச் சிரிப்பில் எங்கேயோ கரைந்து போயிருந்தது.

அவள் சிரிக்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கதவையே பார்த்தாள். ஏசி உறுமியது. மெத்தை வைத்த கதவு அசையாமல் நின்றது. பெண் வரவில்லையோ? கடையில் விடவில்லையோ? வராவிட்டாலும் தான் பொறுப்பில்லை என்று ஒரு எண்ணம் திருட்டுப் பூனை மாதிரி உள்ளே நுழையப் பார்த்தது.

பெட்டியின் பூட்டைத் திறந்து காட்டச் சாவியைத் தேடினார்கள். எல்லோரும் பைகளைத் துழாவினார்கள். பேச்சு நின்றது. அப்போது அவள் கண் எதேச்சையாக அலமாரி மேல் போனது.

ஒலிப்பதிவுக் கருவியில், குரலுக்கு ஏற்ப ஏறி இறங்கும் சின்னப் பச்சைக் கோடு ஒன்று உண்டு. ஒருவரும் பேசாத அந்த நேரத்தில், ஏசி உறுமலுக்குத் தாழ்வாக நெளிந்துகொண்டிருந்த அந்தக் கோடு துள்ளி எழுந்தது. அடங்கியது. மறுபடி எழுந்தது. இன்னொரு முறை.

அறையில் ஏசியைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

அவள் நாற்காலி கிறீச்சிட்டுப் பின்னால் நகர்ந்தது. எல்லாத் தலைகளும் மூலைக்குத் திரும்பின. சிரிப்பைத் தவிர, இத்தனை புதன்கிழமைகளில் அந்த மூலையிலிருந்து வந்த முதல் ஓசை அதுதான்.

"என்னம்மா?" என்றார் தலைமையாசிரியர். "உங்க ஆய்வு ஓடிக்கிட்டிருக்கே..."

"உள்ள வாம்மா!" என்றாள் அவள், கதவைப் பார்த்து, வகுப்பின் கடைசி பெஞ்சுவரை எட்டும் குரலில்.

கதவு திறக்கவில்லை. அந்தக் குரல் மெத்தையைத் தாண்டி வெளியே தெளிவாகப் போயிருக்காது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மேசையைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். அலமாரி மேல் பச்சைக் கோடு மறுபடி எழுந்தது, இந்த முறை முன்னைவிட மெல்ல.