ராத்திரி பூரா ஓடும் ரேடியோ

சர்வேயர் ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய வேனை வாங்கினார். உள்ளே கட்டில், அடுப்பு, மடக்கு மேசை, சின்ன ஃப்ரிட்ஜ். ஊர் ஊராகப் போய்த் தங்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. மனைவி மருந்துக்கடையில் காலமெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். உட்கார்ந்தபடி ஊர் பார்க்கலாம் என்றதும் சரி என்றுவிட்டார்.

கூரையில் சோலார் பேனல் போட ஆள் தேடியபோது எல்லோரும் ஒருவரையே கைகாட்டினார்கள். டயர் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ஆளுக்கு வோல்ட் என்று பட்டப்பெயர். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

மனைவியோடு கொட்டகைக்குப் போனதுமே சர்வேயர் பேனல் விஷயத்தை எடுத்தார். வோல்ட் கையமர்த்தினார்.

"அது இருக்கட்டும் சார். உள்ள என்னென்ன ஓடும், எவ்வளவு நேரம் ஓடும்? அதை வச்சுதான் பேட்டரி. பேட்டரியை ரொப்புற அளவுக்கு பேனல். பேட்டரிக்குப் போற கரண்டை அளவா விட, பேனலுக்கு ஏத்த கன்ட்ரோலர். தலைகீழாப் போனா காசு கரிதான்."

"ஃப்ரிட்ஜ். ரெண்டு லைட்டு. ஃபேன். ஃபோன்" என்றார் சர்வேயர். மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்புறம், கட்டில் பக்கத்துல ஒரு ரேடியோ."

"ரேடியோ எவ்வளவு நேரம்?"

"ராத்திரி பூரா."

"தூங்கும்போதுமா சார்?"

"பழகிப்போச்சு."

ரேடியோ எதுவும் கிடையாது. சர்வேயருக்குத் தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும். முகத்தில் மாட்டிய கவசத்தின் வழியே காற்றை அழுத்தித் தள்ளும் மெஷின் ஒன்றை டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தார். அது ஓடாத இரவுக்கு மறுநாள் பகலில் கண் சொருகும். அதை மாட்டினால் தும்பிக்கை முளைத்த மாதிரி இருக்கிறது என்று அவருக்குக் கூச்சம். உடன்பிறந்த தம்பிக்குக்கூடச் சொல்லவில்லை. மூன்றாம் மனிதர் முன்னால் கணவரை விட்டுக்கொடுக்க மனைவிக்கு மனம் வரவில்லை. வீடு திரும்பும்போதுதான் கேட்டார்.

"மெஷினுக்கு என்னங்க பண்ணுவீங்க?"

"ரேடியோ கணக்குல ஓடிடும் விடு."

வோல்ட் நூறு வாட் பேனல் ஒன்று, சின்ன கன்ட்ரோலர், நடுத்தர பேட்டரி என்று முடித்தார். கட்டிலுக்கு அருகே ரேடியோவுக்காக ஒரு பிளக்கும் வைத்தார்.

முதல் பயணத்தில் ஏரிக்கரை ஒன்றில் தங்கினார்கள். ரேடியோ பிளக்கில், பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் சின்ன இன்வெர்ட்டரைச் சொருகியதில் முதல் இரவு மெஷின் ஓடியது. மறுநாள் முழுக்க மேகம். போதாக்குறைக்கு வேன் நின்றது மர நிழலில். அன்று இரவு பாதித் தூக்கத்தில் காற்று நின்றது. சர்வேயர் விழித்து, கவசத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தார். காலையில் ஃப்ரிட்ஜில் பால் திரிந்திருந்தது. மனைவி காரணம் கேட்டதற்கு, "கதவைச் சரியா மூடல போல" என்றார். வண்டியை எடுத்தார்.

நேரான, ஆள் நடமாட்டமில்லாத சாலை. அவர் தலை மெல்லச் சாய்ந்தது. வேன் சாலையை விட்டு இறங்கியது. "என்னங்க!" என்று கத்தியபடி மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினார். வண்டி ஒரு ஜல்லிக் குவியலில் ஏறி நின்றது. பக்கக் கண்ணாடி நொறுங்கியது. இருவருக்கும் அடி எதுவும் இல்லை.

"ஒரு நிமிஷம் கண்ணு அசந்துட்டேன்" என்றார் சர்வேயர். பிறகு, கேட்காமலேயே, இரவு மெஷின் நின்றுபோனதைச் சொன்னார்.

மனைவி இறங்கிப் போய் ஜல்லி மேலேயே உட்கார்ந்தார்.

"தூங்கினதுக்குக் கோபமில்ல. மெஷின் நின்னது தெரிஞ்சும் வண்டியை எடுத்தீங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியல. அந்த வோல்ட்கிட்ட சொன்னா என்ன குறைஞ்சு போயிருக்கும்? நீங்க என்ன அங்க பொண்ணு பாக்கவா போனீங்க?"

மனைவி சாவியை வாங்கிக்கொண்டு, தட்டுத்தடுமாறி, வீடு வரை தானே ஓட்டி வந்தார்.

அடுத்த வாரம் சர்வேயர் மட்டும் கொட்டகைக்குப் போனார். மெஷினைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். "நான் சொன்ன ரேடியோ இதுதான்" என்றார். நடந்ததையும் ஒளிக்காமல் சொன்னார்.

வோல்ட் சிரிக்கவில்லை. மெஷினைக் கவிழ்த்து அடியில் இருந்த எழுத்தைப் படித்தார்.

"என் மேலயும் தப்பு இருக்கு சார். ரேடியோதானேன்னு மிச்சம் கிடந்த ஒல்லி ஒயரை இழுத்துட்டேன். அவ்வளவு நீளம் போறதுக்குள்ள வோல்டேஜ் இறங்கிடும். பேட்டரியில உயிர் இருந்தாலும் மெஷின் நின்னுடும்."

பிறகு இருவரும் உட்கார்ந்து உண்மையான கணக்கைப் போட்டார்கள். காற்றை ஈரமாக்க மெஷினில் தண்ணீரைச் சூடாக்கும் பகுதியை அணைத்தால் பாதி மின்சாரம் மிச்சம். இன்வெர்ட்டர் வழியாகப் போகாமல் பேட்டரியிலிருந்தே நேராக எடுத்தால் இன்னும் மிச்சம். வெயிலே அடிக்காவிட்டாலும் இரண்டு இரவு தாங்குகிற லித்தியம் பேட்டரி. இருநூறு வாட் பேனல் இரண்டு.

"நானூறு வாட்டை பேட்டரி வோல்டேஜால வகுத்தா முப்பது ஆம்பியருக்கு மேல வருது. நாப்பது ஆம்பியர் கன்ட்ரோலர் போட்டுடலாம். ஒயர் விரல் தடிமன். பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ். வண்டியை மட்டும் நிழல்ல நிறுத்தாதீங்க."

"நிழல்ல நிறுத்தாம வெயில்ல வெந்து சாகவா?"

"அதுக்குத்தான் சார் ஃபேன்."

வேலை முடிந்த அன்று சர்வேயர் தம்பிக்கு ஃபோன் செய்து மெஷின் விஷயத்தைச் சொன்னார். தம்பி கொஞ்சம் தயங்கி, "நானும் குறட்டை விடுறேன்னு அவ சொல்றா. எந்த டாக்டருண்ணே?" என்று கேட்டார்.

மறுபடி கிளம்பினார்கள். போன இடத்தில் விடாத மழை. இரண்டு இரவும் மெஷின் நிற்காமல் ஓடியது. மழைவிட்ட காலையில் மனைவி எழுந்ததும் மெஷினின் சிறு திரையில், அது எவ்வளவு நேரம் ஓடியது என்று பார்த்தார். அதன் பிறகுதான் சாவியைக் கணவர் கையில் கொடுத்தார்.